பார்வையாளரின் சைக்கிளில் ஏறிப் பந்தயத்தைத் தொடரலாமா?

சாலைப் பந்தயத்தின் நடுவே ஒரு தொழில்முறை வீரரின் சைக்கிள் உடைந்துபோகிறது; அணியின் கார் எங்கோ முன்னால் போய்விட்டது; வேடிக்கை பார்க்க வந்தவர்களோ சாலையோரத்தில் ஆளுக்கொரு நல்ல சைக்கிளோடு நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமிருந்து சைக்கிளையோ சக்கரத்தையோ வாங்கிக்கொண்டு அவர் தொடர முடியுமா, அப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா என்பது கேள்வி. நடந்திருக்கிறது, டூர் டி பிரான்ஸை வென்றவர்களே அப்படிச் செய்திருக்கிறார்கள். இன்றைய விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. ஆனால் விதியை மட்டும் சொல்லி நிறுத்தினால் பதில் பாதிதான். இன்றைய பந்தய சைக்கிள் அதை ஓட்டுபவரின் உடம்புக்கும் காலணிக்கும் மில்லிமீட்டர் கணக்கில் பொருத்தப்பட்டது என்பதால், விதி குறுக்கே வராவிட்டாலும் பிறர் வண்டி அவருக்கு ஒப்புக்குத்தான் பயன்படும் என்பது மறுபாதி.

முதலில் விதி. சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐயின் சாலைப் பந்தய விதிகள், இன்னின்ன உதவி கூடாது என்று அடுக்குவதை விட, யார் உதவலாம் என்பதை வரையறுத்துவிடுகின்றன. வண்டி பழுதானால் சொந்த அணியின் சக வீரர், அணியின் கார், எல்லா அணிகளுக்கும் பொதுவான நடுநிலை உதவிக் கார், பந்தயத்தின் கடைசியில் விலகியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வண்டி ஆகியவற்றிடமிருந்துதான் உதவி பெறலாம். பிற அணி வீரரிடம் உணவு, தண்ணீர், ஒரு ஸ்பேனர் போன்ற சிறு பொருள்களை வாங்கிக்கொள்ளலாமே தவிர, சக்கரத்தையோ சைக்கிளையோ வாங்கக் கூடாது. சாலையோரத்தில் நிற்கும் பொதுமக்கள் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

இந்த விதி ஏட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு 2015 ஆம் ஆண்டு இத்தாலியில் நடந்த ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தின் 10-ஆம் கட்டம், அதாவது பத்தாவது நாள் ஓட்டம், சான்று. ஃபோர்லி நகரை நெருங்கும்போது ஸ்கை அணியின் ரிச்சி போர்ட்டுக்குப் பஞ்சர் ஆனது. எதிரணியான ஓரிக்கா கிரீன்எட்ஜைச் சேர்ந்த சைமன் கிளார்க், தன் நாட்டவரும் நண்பருமான அவருக்குத் தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பலருக்கும் அது விளையாட்டின் பெருந்தன்மையாகத் தோன்றியது. நடுவர்கள் இருவருக்கும் தலா 2 நிமிடம் தண்டனை நேரமும் 200 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தனர். பஞ்சரால் 47 வினாடிதான் இழந்திருந்த போர்ட், வாங்கிய சக்கரத்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழந்தார். பந்தயத்தில் பதிவு செய்துகொண்டு, தன் சக்கரத்தைச் சோதனைக்கு உட்படுத்தியிருக்கும் சக போட்டியாளரே கொடுக்கக் கூடாது என்றால், யாரென்றே தெரியாத ஒருவர் கொடுப்பதை நடுவர் எப்படி ஏற்பார்? அந்தத் தீர்ப்பு கடுமையானது என்று அப்போது பலர் வருந்தினார்கள். விதியின் வாசகத்தைப் படித்தால் வேறு தீர்ப்புக்கு அதில் இடமில்லை என்பதே என் கருத்து.

விதி இந்த வடிவத்துக்கு வருவதற்கு முன் வேறொரு காலம் இருந்தது. டூர் டி பிரான்ஸை உருவாக்கிய ஆன்றி டெகிரான்ஜ் தன் பந்தயத்தை மனிதனுக்கும் சாலைக்கும் இடையிலான தனிப் போராட்டமாகக் கருதினார். யாரும் யாருக்கும் உதவக் கூடாது. உடைந்ததை உடைத்தவரே சரிசெய்ய வேண்டும். இதன் விளைவை அதிகம் அனுபவித்தவர் எஜேன் கிறிஸ்டோஃப். 1913-இல் பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை, உடைந்தது. வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, சேன்த் மரீ தெ கம்பான் என்ற ஊரை அடைந்து, அங்கிருந்த கொல்லன் உலையில் தானே இரும்பை அடித்து ஃபோர்க்கை ஒட்டவைத்தார். நடுவர்கள் பக்கத்தில் நின்று, வேறு யாரும் கைவைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் உலைத் துருத்தியை ஒரு சிறுவன் அழுத்திக் கொடுத்தான். அதற்காக 10 நிமிடம் தண்டனை. பின்னர் அது 3 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தை ஏற்கெனவே இழந்துவிட்ட ஒருவருக்கு அந்த நிமிடங்களால் ஒன்றும் ஆகிவிடப்போவதில்லை. ஆனால் துருத்தியை அழுத்திய சிறுவனும் 'வெளியார் உதவி'தான் என்ற கணக்கு அந்தக் காலத்து விதியின் மனப்பான்மையைச் சரியாகக் காட்டுகிறது.

அதே மனப்பான்மையின் இன்னொரு முகம், பந்தயத்தில் தொடங்கிய பொருளோடுதான் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம். 1921-இல் பட்டம் வென்ற பெல்ஜியரான லெயோன் சியர், கம்பிகள் உடைந்துபோன தன் சக்கரத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் அது உண்மையிலேயே சரிசெய்ய முடியாதது என்று காட்டுவதற்காக உடைந்த சக்கரத்தை முதுகில் கட்டிக்கொண்டு மீதித் தூரத்தை ஓட்டினார். பற்சக்கரம் முதுகில் குத்திய தழும்பு பல ஆண்டுகள் அவருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். 1924-இல் ஆன்றி பெலிசியே, குளிருக்காக அணிந்திருந்த கூடுதல் சட்டையை வழியில் கழற்றிப் போட்டதை நடுவர்கள் கேள்வி கேட்டதால், குத்தான்ஸ் என்ற ஊரில் கோபத்துடன் பந்தயத்தை விட்டே விலகினார். எதையும் வாங்கக் கூடாது என்பதோடு எதையும் விடவும் கூடாது என்பதாகவும் விதி இருந்தது.

இந்தச் சூழலில்தான் 1928, 1929, 1930 ஆகிய மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். கேள்விக்கு வரலாறு தரும் நேரடியான பதில் இந்த மூன்றாண்டுகளில்தான் இருக்கிறது.

1928-இல் லக்சம்பர்க் வீரர் நிக்கோலா ஃபிரான்ட்ஸ் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவருக்கும் மெட்ஸ் நகரிலிருந்து ஷார்ல்வில் செல்லும் கட்டத்தில் சோதனை வந்தது. ஒரு ரயில் பாதையைக் கடக்கும்போது அவருடைய சைக்கிளின் ஃபிரேம் உடைந்தது. முடிவிடத்துக்கு இன்னும் 100 கி.மீ. இருந்தது. அக்கம்பக்கத்தில் கிடைத்தது பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றுதான். அவர் உயரத்துக்குச் சிறியது, மட்கார்டும் விளக்கும் பொருத்தியது. அதில் ஏறி அந்த நூறு கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தார். இழந்தது 28 நிமிடம். அதற்கு முன்பே ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னிலை வைத்திருந்ததால் பட்டம் கைநழுவவில்லை. முந்தைய மூன்று வாரங்களில் சேர்த்த முன்னிலை இல்லாமல் போயிருந்தால், இன்று நாம் இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம். மட்கார்டு வைத்த வீட்டு உபயோக சைக்கிளில் 100 கி.மீ. தூரத்துக்கு 28 நிமிடம்தான் கூடுதலாகப் பிடித்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அன்றைய பந்தய வண்டிக்கும் கடைத்தெரு வண்டிக்கும் இருந்த இடைவெளி இன்றைப் போல அவ்வளவு பெரிதல்ல.

அடுத்த ஆண்டே இதன் மறுபக்கம் வந்தது. 1929-இல் விக்டர் ஃபோன்டான் என்ற பிரெஞ்சு வீரர், லூஷோனிலிருந்து பெர்ப்பினான் செல்லும் மலைக் கட்டத்தின் தொடக்கத்தில் மஞ்சள் ஜெர்சியோடு புறப்பட்டார். கட்டம் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது என்பதால் பொழுது விடியுமுன்பே புறப்பாடு. சிறிது தூரத்திலேயே விழுந்து ஃபோர்க் உடைந்தது. இருட்டில், வழியிலிருந்த கிராமத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சைக்கிள் கேட்டார், ஒருவர் கொடுத்தார். ஆனால் அவரது சைக்கிள் சரிசெய்ய முடியாத அளவுக்கு உடைந்துவிட்டது என்று உறுதிசெய்ய அந்த இடத்தில் நடுவர் இல்லை. ஆகவே உடைந்த வண்டியை விட்டுவிட்டுப் போனால் தகுதியிழப்பு. இரவல் சைக்கிளில் ஏறி, உடைந்த சைக்கிளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினார். வெகுதூரம் அப்படியே போராடிவிட்டுக் கடைசியில் அழுதபடி விலகினார். இங்கே ஃபோன்டானை வீழ்த்தியது இரவல் வாங்கக் கூடாது என்ற விதி அல்ல, இரவல் கிடைத்தது. பழையதை விட்டுவிடக் கூடாது என்ற விதிதான் அவரை மடக்கியது. சைக்கிள் பந்தய வரலாற்றில் விதியால் நேர்ந்த அநீதிகளை வரிசைப்படுத்தினால் இதையே நான் முதலில் வைப்பேன். கிறிஸ்டோஃபின் கதை புகழ்பெற்றது என்றாலும், அவர் 1913-இல் வென்றிருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஃபோன்டானோ முன்னணியில் இருந்தவர்.

பத்திரிகைகள் இதைக் கடுமையாக எழுதின. அந்த ஆண்டு வென்ற பெல்ஜியரான மொரிஸ் தெ வாலே கடைசி நாள்களில் நோயுற்று, சைக்கிள் தயாரிப்பு நிறுவனத்தின் அணி செய்த மறைமுக உதவியால் முடிவை எட்டியதில் டெகிரான்ஜுக்கும் கோபம். 1930-இல் பந்தயத்தின் அமைப்பே மாறியது: தேசிய அணிகள் வந்தன; வண்டிகளைப் பந்தய அமைப்பே வழங்கியது, எல்லாம் ஒரே மஞ்சள் நிறத்தில், தயாரிப்பாளர் பெயர் இல்லாமல்; உடைந்த வண்டியை மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது.

அந்த ஆண்டிலேயே பார்வையாளரின் பொருள் ஒரு பட்டத்தைக் காப்பாற்றியது. கிரெனோபிளிலிருந்து எவியான் செல்லும் கட்டத்தில், மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆந்த்ரே லெதுக், கலிபியே கணவாயிலிருந்து இறங்கும்போது விழுந்தார். சக வீரர்கள் எழுப்பி நிறுத்த, மீண்டும் புறப்பட்டவருக்கு அடுத்து வந்த தெலிகிராஃப் ஏற்றத்தில் பெடல் உடைந்து மறுபடியும் அடி. வலியோடு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் போட்டியாக இருந்த இத்தாலியர் லியார்கோ குவேரா முன்னால் பறந்துகொண்டிருந்தார். அணித் தோழர் மர்செல் பிதோ, பார்வையாளர் ஒருவரின் சைக்கிளிலிருந்து ஒரு பெடலைக் கழற்றி வாங்கி லெதுக்கின் வண்டியில் மாட்டினார். பிறகு பிரெஞ்சு அணி மொத்தமும் முறை வைத்துக் காற்றைப் பிளந்து ஓட்டி, குவேராவைப் பிடித்தது. கட்டத்தையும் லெதுக்கே வென்றார், சில நாள் கழித்துப் பட்டத்தையும். சாலையோரத்தில் நின்றவரின் பெடல் பந்தய வண்டியில் அப்படியே பொருந்தியது. அந்தக் காலத்துப் பெடலுக்கு எந்தக் காலணியும் பொருந்தும். நுனியில் கம்பிக் கூடும் தோல் வாரும் இருந்தால் போதும்.

இன்றைய நிலை அதற்கு நேர்மாறானது. பெர்னார் இனோ 1985-இல் லுக் நிறுவனத்தின் கவ்வும் பெடல்களோடு டூரை வென்ற பிறகு, வீரர்களின் காலணியின் அடியில் க்ளீட் என்ற கட்டை பொருத்தப்பட்டு, அது பெடலில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் முறை வழக்கமாகிவிட்டது. லுக் க்ளீட் ஷிமானோ பெடலில் பூட்டாது. ஸ்பீட்பிளே என்ற இன்னொரு வகைப் பெடல் முற்றிலும் வேறு வடிவம். பார்வையாளர் அருமையான கார்பன் சைக்கிளோடு நின்றாலும், அவருடைய பெடல் வேறு வகையாக இருந்தால் வீரர் வழுவழுப்பான கட்டையோடு வழுக்கும் பெடலை மிதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் கால் நழுவி விழும் ஆபத்தும் உண்டு.

சைக்கிளை விட்டுச் சக்கரம் மட்டும் வாங்குவது எளிது என்று தோன்றலாம். பிரேக் விளிம்பைப் பிடிக்கும் காலத்தில் அது ஓரளவு உண்மை. ரப்பர்க் கட்டை பிடிக்க ஒரு விளிம்பும், நெம்புகோலால் இறுக்கும் அச்சும் இருந்தால் பெரும்பாலான முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று மாறும். பின்சக்கரத்துக்கு அப்போதே பற்சக்கரங்களின் எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். இன்று டிஸ்க் பிரேக் வந்தபின் தட்டின் விட்டம், அது நிற்கும் இடம், முறுக்கிச் செருகும் அச்சின் வகை எல்லாம் பொருந்த வேண்டும்; அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் தட்டு பிரேக்கில் உரசிக்கொண்டே வரும். அதனால்தான் இப்போது அணிகள் சக்கரத்தை மாற்றுவதை விட முழுச் சைக்கிளையே கூரையிலிருந்து இறக்கிக் கொடுப்பதை விரும்புகின்றன. பிரிட்டன் போன்ற நாடுகளில் வலக்கை நெம்புகோல் முன் பிரேக்கை இழுக்கும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இடக்கை. மலை இறக்கத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இதை மறந்து அழுத்தினால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அளவு. சக அணி வீரரின் வண்டியே பொருந்தாதபோது அந்நியரின் வண்டியைப் பற்றிப் பேசுவானேன்? 2022 டூரின் 5-ஆம் கட்டத்தில், கல் பாவிய சாலைகளில் யோனாஸ் விங்கெகோரின் சைக்கிள் பழுதானபோது, யும்போ விஸ்மா அணியின் நெடிய வீரரான நேத்தன் வான் ஹூய்டொங்க் தன் வண்டியை நீட்டினார். விங்கெகோருக்கு அதன் சீட் எட்டவே இல்லை. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் சாலையோரத்தில் ஒரு நாடகமே நடந்தது. அந்த ஆண்டின் பட்டத்தை வெல்லப் போகிறவர் சில நிமிடங்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சைக்கிள்களை மாற்றிக்கொண்டிருந்தார். 2019 ஜீரோவில் கோமோ நகரில் முடிந்த கட்டத்தில், பிரிமோஜ் ரோக்லிச்சின் வண்டி பழுதான நேரம் பார்த்து அணியின் இயக்குநர் சிறுநீர் கழிக்கக் காரை நிறுத்தியிருந்தார். சக வீரர் ஆன்ட்வான் டோல்ஹூக்கின் சைக்கிளை வாங்கி ஓட்டிய ரோக்லிச், பழக்கமில்லாத அந்த வண்டியோடு இறக்கத்தில் தடுப்பில் போய் மோதினார்.

பழைய வீரர்களுக்கும் இது தெரியாததல்ல. 1949 டூரில் சேன் மலோ செல்லும் கட்டத்தில் ஃபவுஸ்டோ கோப்பி, மஞ்சள் ஜெர்சியில் இருந்த ழாக் மரினெல்லியோடு மோதி விழுந்தார். உதவிக்கு நின்ற காரில் மாற்றுச் சைக்கிள் இருந்தது. தன் அளவுக்கு அமைத்த வண்டி வேறொரு காரில் இருக்கிறது என்பதால் அதில் ஏற மறுத்து, அது வரும்வரை நின்றார். அன்று அவர் இழந்தது ஏறக்குறைய 19 நிமிடம். மொத்தக் கணக்கில் அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கினார். பந்தயத்தையே விட்டுவிடுகிறேன் என்றவரைச் சமாதானப்படுத்தித் தொடரவைத்தார்கள். கடைசியில் அவரே வென்றார். அன்று அவர் கிடைத்த சைக்கிளில் ஏறியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். காத்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கூட்டம் 670 மீட்டர் முன்னேறிவிடுகிறது. மோசமான வண்டியிலும் மணிக்கு 25 கி.மீ. போக முடியும், நிற்பவர் போவது பூஜ்யம்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் ஜெர்மானியரான யென்ஸ் வோக்ட். 2010 டூரில் போ நகரில் முடிந்த 16-ஆம் கட்டத்தில், பெய்ரசூர்ட் கணவாயின் இறக்கத்தில் டயர் வெடித்து விழுந்தார். சைக்கிள் உடைந்தது, உடம்பெல்லாம் சிராய்ப்பு. அணியின் கார்கள் முன்னால் இருந்த ஆண்டி ஷ்லெக்கோடு போய்விட்டன. விலகியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் கடைசி வண்டி பக்கத்தில் வந்து நின்று, ஏறிக்கொள்கிறீர்களா என்றது. ஏறினால் பந்தயம் முடிந்தது. அவரோ சிறுவர்களுக்கான பந்தயத்துக்குப் பயன்படும் மஞ்சள் நிறச் சிறு சைக்கிள் ஒன்றை வாங்கினார். பழைய பாணி வார் வைத்த பெடல்கள், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும் உயரம். அதில் பல கிலோமீட்டர் ஓட்டிச் சென்று, அணியினர் ஒரு காவலரிடம் விட்டுச் சென்றிருந்த தன் மாற்று வண்டியைப் பெற்றுக்கொண்டு, கால வரம்புக்குள் முடித்தார். அன்று அவருக்கு வெற்றி வேண்டியிருக்கவில்லை. வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டிக் கணக்கிடும் கால வரம்பைத் தாண்டாமல் இருந்தால் போதும். அந்த மஞ்சள் சைக்கிள் பார்வையாளருடையது அல்ல, பந்தய ஏற்பாட்டோடு வந்தது என்பதால் விதிச் சிக்கலும் எழவில்லை.

அணியின் கார் பக்கத்தில் இல்லாத அந்த இடைவெளியை நிரப்பத்தான் நடுநிலை உதவிக் கார்கள் இருக்கின்றன. அவற்றின் பிறப்பே ஓர் இரவல்தான். 1972 தோஃபினே பந்தயத்தில் ஓர் அணி இயக்குநரின் கார் வழியில் நின்றுவிட, சக்கரம் தயாரிக்கும் மாவிக் நிறுவனத்தின் தலைவர் புரூனோ கோர்மான் தன் காரைக் கொடுத்தார். எந்த அணியையும் சேராத ஒரு கார் எல்லோருக்கும் உதவினால் என்ன என்ற எண்ணம் அதில் பிறந்து, 1973 பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் நடைமுறைக்கு வந்தது. 1977 முதல் 2020 வரை டூரில் மாவிக் இந்தப் பணியைச் செய்தது. 2021 முதல் ஷிமானோ செய்கிறது. 2017-இல் மாவிக் தன் நடுநிலை சைக்கிள்களில் நெம்புகோலை அழுத்தினால் ஏறி இறங்கும் சீட் தண்டைப் பொருத்தியது. வெவ்வேறு வகைப் பெடல்களோடும் வண்டிகளைக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டு வான்தூ மலையில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் தேவை புரியும்.

2016 ஜூலை 14 அன்று, பலத்த காற்றால் முடிவிடம் மலையுச்சியிலிருந்து கீழே ஷாலே ரெனாருக்கு மாற்றப்பட்டிருந்தது. கூட்டமும் அங்கே நெருக்கியது. முன்னால் போன மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் சிக்கி நிற்க, போர்ட், பவுக்கே மொலெமா, கிறிஸ் ஃபுரூம் மூவரும் அதில் மோதினார்கள். சைக்கிள் உடைந்த ஃபுரூம், மஞ்சள் ஜெர்சியோடு மலையில் ஓடத் தொடங்கினார். முடிவுக் கோட்டை நடந்து கடந்தாலும் சைக்கிள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அவரிடம் சைக்கிளே இல்லை. பிறகு நடுநிலைக் காரின் சைக்கிள் கிடைத்தது. பெடலும் அளவும் பொருந்தாமல் தடுமாறினார். அணியின் கார் வந்து சொந்த மாற்று வண்டியைக் கொடுத்த பிறகே ஒழுங்காக ஓட்ட முடிந்தது. நடுவர்கள் மொலெமாவின் நேரத்தையே அவருக்கும் அளித்ததால் ஜெர்சி தப்பியது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் நின்ற இடம் அது.

பார்வையாளரை ஏன் இவ்வளவு கண்டிப்பாக விலக்க வேண்டும் என்று கேட்கலாம். அனுமதித்தால் பணக்கார அணி ஐம்பது பேரைச் 'சும்மா வேடிக்கை பார்க்க' வழிநெடுக நிறுத்திவிடும் என்பது ஒரு காரணம். பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கல் பாவிய பகுதிகளின் முடிவில் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அணி ஊழியர்களும் அணி ஏற்பாடு செய்த உதவியாளர்களும். அந்த எல்லைக்கோடு இப்போதே மெல்லியதுதான். இன்னொரு காரணம் மோசடி. தொழில்முறை சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஃபிரேம் யூசிஐ அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், உள்ளே மோட்டார் இல்லை என்று சோதிக்கப்பட வேண்டும். 2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் ஸோல்டர் நகரில் நடந்த, சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் வகையின் உலகப் போட்டியில் ஃபெம்கே வான் டென் டிரீஷேவின் சைக்கிளில் மறைத்து வைத்த மோட்டார் கண்டுபிடிக்கப்பட்டது. அது தன் வண்டியல்ல, நண்பருடையது, தவறுதலாகக் கலந்துவிட்டது என்றார் அவர். யூசிஐ ஏற்காமல் ஆறாண்டுத் தடையும் 20,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. 'வேறொருவர் வண்டி' என்ற சொல்லே இன்று சந்தேகத்தைக் கிளப்பும்.

பார்வையாளரிடமிருந்து வீரர்கள் தலைமுறை தலைமுறையாக வாங்கிவந்ததும் யாரும் தடுக்காததுமான ஒரு பொருள் உண்டு: செய்தித்தாள். கணவாய் ஏறும்போது வேர்வையில் நனைந்த உடம்போடு உச்சியை அடையும் வீரர், அங்கே நிற்பவர் நீட்டும் நாளிதழை மடித்து ஜெர்சிக்குள் மார்பில் செருகிக்கொள்வார். காகிதம் காற்றை உள்ளே விடாது, அடுக்குகளுக்கிடையே வெப்பத்தைப் பிடித்துவைக்கும், அடிவாரம் வந்ததும் தூக்கி எறிந்துவிடலாம். மெல்லிய காற்றுத்தடுப்பு மேலாடைகள் பரவலாகும்வரை இதற்கு இணையான வேறு ஏற்பாடு இல்லை. குளிர் எல்லை மீறும்போது காகிதமும் போதாது. 1988 ஜூன் 5 அன்று ஜீரோ வீரர்கள் 2,600 மீட்டருக்கும் மேல் உயரமான காவியா கணவாயைப் பனிப்பொழிவில் கடந்தபோது, உச்சியை முதலில் தாண்டியவர் அரைக்கை ஜெர்சியோடு வந்த டச்சு வீரர் யோஹான் வான் டெர் வெல்டே. இறக்கத்தில் உடம்பு விறைத்துப்போய் வழியிலிருந்த வண்டியொன்றில் ஒதுங்கி, அன்று 47 நிமிடம் இழந்தார். அந்தக் கட்டத்தில் ஜீரோவின் முன்னணி வீரருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியைப் பெற்று பின்னர் பட்டமும் வென்ற அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணி, அன்று காலையே பனிச்சறுக்குக் கடைகளில் கனத்த உடைகளை வாங்கி வைத்திருந்தது.

எதிர்த்திசையில் பொருள் போவதற்கும் இப்போது கட்டுப்பாடு வந்துவிட்டது. வீரர் எறியும் காலித் தண்ணீர்க் குப்பியை எடுத்துப் போய் வீட்டில் வைத்துக்கொள்வது ஐரோப்பியச் சிறுவர்களின் நெடுநாள் வழக்கம். குப்பை போடுவதைத் தடுக்க 2021 ஏப்ரல் முதல் தேதி, குறிப்பிட்ட பகுதிகளுக்கு வெளியே எதையும் எறியக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து நடந்த ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில், சாலையோரம் நின்றவர்களை நோக்கிக் குப்பியை எறிந்ததற்காகச் சுவிஸ் வீரர் மிக்கேல் ஷேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். சிறுவயதில் தனக்குக் கிடைத்த ஒரு குப்பிதான் தன்னை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவந்தது என்று அவர் பின்னர் எழுதினார். எதிர்ப்பு வலுத்ததும் அதே மாதத்தில் யூசிஐ தண்டனையைத் தளர்த்தி, ஒருநாள் பந்தயங்களில் முதல் முறை மீறினால் அபராதமும் புள்ளிக் குறைப்பும் மட்டுமே என்று மாற்றியது.